நின்றுபோன காசி யாத்திரை

பிராமணர் வீட்டுக் கல்யாணங்களில் ஊஞ்சலுக்கு முன்பு நடக்கும் அந்த வேடிக்கையை நேயர்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பார்கள். மாப்பிள்ளைப் பையன் பஞ்சகச்சம் கட்டி, கண்ணுக்கு மை தீட்டி, ஒரு கையில் குடையும் மறு கையில் விசிறியும் கைத்தடியுமாகக் காசிக்குப் புறப்படுகிறான். இல்லற வாழ்க்கையில் அவனுக்கு வைராக்கியம் உண்டாகிவிட்டதாம். வாசலைத் தாண்டிப் பத்து அடி போவதற்குள் பெண்ணின் தகப்பனார் எதிரே வந்து வழிமறிக்கிறார். "காசிக்குப் போக வேண்டாம், என் பெண்ணைத் தருகிறேன்" என்கிறார். மாப்பிள்ளை உடனே சம்மதித்துவிடுகிறான். இவ்வளவு சீக்கிரத்தில் மனம் மாறுகிற யாத்ரிகனை உலகத்தில் வேறு எங்கும் காண முடியாது! நாதஸ்வரக்காரர் ஒரு முழக்கு முழக்குகிறார், குடை மடக்கப்படுகிறது, யாத்திரை அத்துடன் நின்றது.

ஆக, நம் வீடுகளில் குடும்ப வாழ்க்கை என்பது ரத்தான ஒரு பிரயாணத்தில் தொடங்குகிறது. நின்றுபோன அந்த யாத்திரை மறுபடி எப்போது புறப்படுகிறது? புறப்படும்போது பெண்சாதியும் கூட வருகிறாளா? வந்தால் அவள் எதைப் பார்க்கிறாள்? சென்ற சில வாரங்களாக இந்தக் கேள்விகள் நம்மை உபத்திரவம் செய்துகொண்டிருக்கின்றன. காரணம், நாம் குடியிருக்கும் மந்தைவெளிதான்.

மந்தைவெளி என்றால் மாடு மேய்ந்த வெளி. மயிலாப்பூர் மாடுகள் மேய்ந்த இடத்தில் இன்று மனிதர்கள் மாடி மேல் மாடி கட்டிக்கொண்டு வசிக்கிறார்கள். இந்தப் பேட்டையின் ஓரமாகப் பக்கிங்ஹாம் கால்வாய் போகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் சரித்திரம் தெரியுமோ, நாம் அறியோம். தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்துகொண்டிருந்தபோது, பஞ்ச நிவாரண வேலையாக, 1877-78-இல், கூவம் நதியையும் அடையாற்றையும் இணைத்து வெட்டப்பட்ட பகுதிதான் இது. கவளம் சோற்றுக்காக வெட்டிய கால்வாய்க்குக் கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கிடைத்தது. வெட்டினவர்களின் பெயர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஆனால் இதே கால்வாய்தான் பிற்பாடு சென்னைவாசிகளுக்கு உல்லாசப் பிரயாணத்தையும் கற்றுக்கொடுத்தது. மாலையில் மயிலாப்பூர்ப் பக்கத்தில் படகு ஏறினால், படகுக்காரர்கள் கரையோடு நடந்து கயிறு கட்டி இழுக்க, நிலா வெளிச்சத்தில் இரவெல்லாம் மிதந்து போய், விடியற்காலம் மாமல்லபுரத்தில் இறங்கலாம். 1934-இல் பாரதிதாசன் நண்பர்களோடு இவ்விதம் படகில் போனதைப் பற்றியே 'மாவலிபுரச் செலவு' என்ற பாட்டைப் பாடினார். 'நண்பர்களோடு' என்ற வார்த்தையை நேயர்கள் கவனிக்க வேண்டும். நிலாவும் படகும் கட்டுச்சோறும் இருந்த அந்தப் பிரயாணங்களில் சம்சாரத்தை அழைத்துக்கொண்டு போனவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அதைப் பற்றிப் பாட்டு எழுதும் வழக்கம் ஏனோ ஏற்படவில்லை.

1966-லும் 1976-லும் அடித்த புயல்கள் கால்வாயைச் சீரழித்தன. படகுகள் போன இடம் தெரியவில்லை. பிறகு கால்வாயிலேயே பிரம்மாண்டமான தூண்களை நட்டு அவற்றின் மேல் ரயில் ஓட்டினார்கள். 1997-இல் கடற்கரையிலிருந்து திருமயிலை வரையில் வந்த பறக்கும் ரயில், 2004-இல் மந்தைவெளியையும் தாண்டித் திருவான்மியூருக்குப் போயிற்று. சாயங்கால வேளையில் மந்தைவெளி ஸ்டேஷன் மேடையில் நின்றால் பெட்டியும் பையுமாக வரும் வயதான தம்பதிகளைக் காணலாம். புருஷர் முன்னால் போகிறார். அம்மாள் பின்னால் வருகிறாள். பெரிய பை யார் கையில் இருக்கிறது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

யாத்திரை நம் தேசத்துக்குப் புதிது அல்ல. சென்னைத் தண்டையார்பேட்டையிலிருந்து ஏனுகுல வீராசாமி ஐயர் என்ற சுப்ரீம் கோர்ட் மொழிபெயர்ப்பாளர் 1830-ம் வருஷம் மே மாதம் காசிக்குப் புறப்பட்டு, மறு வருஷம் செப்டம்பரில் திரும்பி வந்தார். பல்லக்கு, சமையற்காரர், சேவகர், வீட்டு ஸ்திரீகள் என்று கூடப் போனவர்கள் ஏறக்குறைய நூறு பேர். அந்தப் பிரயாணத்தைத் தெலுங்கில் எழுதியும் வைத்தார். அருமையான புஸ்தகம். ஆனால் நூறு பேர் கூட்டத்தில் புருஷனும் பெண்சாதியும் ஓர் அழகான நதியைப் பார்த்துவிட்டு ஒருவரோடொருவர் என்ன பேசிக்கொள்ள முடியும்?

ரயில் வந்த பிறகு பதினைந்து மாதப் பிரயாணம் சில நாட்களாகச் சுருங்கிற்று. அறுபதாம் கல்யாணம் ஆனதும், ராமேசுவரத்து மணலைப் பிரயாகையில் கரைத்து, கங்கை ஜலத்தைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும் என்று கிளம்பினார்கள். காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரமும், பாரதியார் இளமையில் வசித்த அநுமான் கட்டமும், தமிழ்ப் பேச்சும், ரசத்தின் வாசனையும் இருக்கவே, புருஷர்களுக்கு மந்தைவெளியை விட்டுப் போன நினைவே இராது. காசியில் ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வரவேண்டும் என்பது சாஸ்திரம். ஆகவே பலர் பாகற்காயைத் தியாகம் செய்துவிட்டு வருகிறார்கள்.

இந்த யாத்திரையில் ஒரு கட்டம் உண்டு. அதைப் பற்றி நினைக்கும்போது பரிகாசம் செய்ய மனம் வருவதில்லை. பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் வேணி தானம் என்று செய்கிறார்கள். புருஷன் மனைவியின் தலையை வாரி, பின்னி, பூ வைத்து, பின்னலின் நுனியைச் சிறிது நறுக்கிக் கொடுக்க, அவள் அதை நதியில் விடுகிறாள். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனிதர், அன்று முதல்முறையாகச் சீப்பைக் கையில் எடுக்கிறார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் விழிக்கிறார். சுற்றியுள்ளவர்கள் சிரிக்கிறார்கள். அம்மாளும் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். நரைத்துப்போன அந்த எலிவால் பின்னலைப் பார்க்கும்போது அவருக்கு என்ன தோன்றுமோ! சில நிமிஷங்கள்தான். அதற்காக ஆயிரக்கணக்கான மைல் போகவேண்டியிருக்கிறது.

சுயராஜ்யம் வந்த பிறகு சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்குப் பிரயாணச் சலுகை ஒன்று கிடைத்தது. நாலு வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு இந்தியாவில் எந்தப் பகுதிக்கும் போய்வரலாம். டிக்கெட் செலவைச் சர்க்கார் கொடுக்கும். இதனால் மத்திய சர்க்கார் குமாஸ்தாக்களின் குடும்பங்கள் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரம் வரையில் பார்த்தன. 1976-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்ததும் டில்லி பக்கத்து ஊராகிவிட்டது. தாஜ்மகாலுக்கு முன்னால் எடுத்த படம் மாட்டாத கூடம் மந்தைவெளியில் அபூர்வம். புருஷர் கழுத்தில் மப்ளர், அம்மாள் புடைவைக்கு மேல் ஸ்வெட்டர், குழந்தைகள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. ஆனால் அந்தப் படத்தில் விழாத சாமான் ஒன்று உண்டு. அதுதான் மண்ணெண்ணெய் அடுப்பு. வெளியில் சாப்பிட்டால் ஆசாரம் கெடும் என்று பாதிப் பேரும், பர்ஸ் கெடும் என்று மீதிப் பேரும் அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், அடுப்பு சகிதமாகப் பிரயாணம் செய்தார்கள். தர்மசாலையில் போய் இறங்கியதும் புருஷர் ஊர் பார்க்கப் போவார். அம்மாள் அடுப்பை மூட்டுவாள். அந்தக் காலத்தில் ஹரித்துவாரம் போய்வந்த ஒரு பாட்டியிடம், "இமயமலை எப்படி இருந்தது?" என்று கேட்டோம். "அந்த ஊரில் காலையில் எருமைப்பால்தான் கிடைத்தது, காப்பியே சரியாயில்லை" என்றாள். நாமும் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. காப்பி போட்டவள் அவள். இமயமலையைப் பார்த்தவர் வேறொருவர்.

தேச எல்லைக்குள் இப்படி என்றால், கடல் கடந்த கதை இன்னும் துயரமானது. 1860-இல் 'டுரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் போயிற்று. அதற்குப் பின் எத்தனையோ கப்பல்கள் போயின. நம்மவர் உலகத்தைப் பார்க்கவில்லை. உலகம் நம்மவரை வேலை வாங்கிற்று. படித்தவர்களோ பட்டத்துக்காகப் போனார்கள், தனியாகப் போனார்கள். 1914-ம் வருஷம் மார்ச் மாதம் கணித மேதை ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியபோது, அவருடைய மனைவி ஜானகி அம்மாள் இங்கேயே இருந்தார். ஐந்து வருஷங்கள் கழித்து ராமானுஜன் நோயாளியாகத் திரும்பினார். அடுத்த வருஷம், 1920 ஏப்ரலில், அவர் காலமானார். அதற்குப் பின் ஜானகி அம்மாள் எழுபத்து நான்கு வருஷங்கள் வாழ்ந்தார். கேம்பிரிட்ஜ் கல்லூரியைப் பற்றி உலகத்தார் எழுதியதையெல்லாம் நாம் படித்திருக்கிறோம். அந்த ஐந்து வருஷத்தைப் பற்றி அந்த அம்மாள் எழுதியிருந்தால் அதுவும் படிக்கத் தக்கதாயிருந்திருக்கும்.

'உலகம் சுற்றும் தமிழன்' என்று பெயர் பெற்றவர் ஏ. கே. செட்டியார். மகாத்மாவைப் பற்றிய படத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்த மகானுபாவர். அவரை நினைத்துத் தமிழர் பெருமைப்படுவது நியாயமே. ஆனால் தமிழன் சுற்றினான், தமிழச்சி சுற்றினாளா என்று நம் வீட்டு எஜமானி ஒரு நாள் கேட்டுவிட்டாள். பதில் சொல்லாமல் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டோம்.

இப்போது எல்லாம் மாறிவிட்டதே, மந்தைவெளி அம்மாள்கள் வருஷா வருஷம் அமெரிக்கா போகிறார்களே என்று சிலர் சொல்லக்கூடும். வாஸ்தவம். அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் காத்திராத குடும்பம் இங்கே குறைவு. பழவந்தாங்கலில் விசா கணபதி என்றே ஒரு பிள்ளையார் பிரசித்தமாயிருக்கிறார். ஆனால் போய்வந்தவர்களைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். பெண்ணுக்கோ மருமகளுக்கோ பிரசவம்; ஆறு மாதம் தங்க அநுமதி. அம்மாள் அந்த ஆறு மாதமும் பத்தியச் சமையல் செய்தாள். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தாள். ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தாள். நயாகராவுக்கு ஒரு நாள் அழைத்துப் போனார்கள். அன்றும் குழந்தை அழுதது. மந்தைவெளி அடுப்பை விட்டுக் கலிபோர்னியா அடுப்புக்கு மாற்றலானதை உலகப் பிரயாணம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. பேரன் முகம் பார்த்த சந்தோஷத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அது வேறு, ஊர் பார்ப்பது வேறு.

"பணம் வேண்டாமா, ஐயா?" என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் மந்தைவெளியில் கிடைக்காது. அதைத் தேடி எர்ணாகுளம் வரையில் போகவேண்டும்.

எர்ணாகுளத்தில் காந்தி நகர் என்ற பகுதியில் ஸ்ரீ பாலாஜி காப்பி ஹவுஸ் என்று ஒரு சிறிய டீக்கடை. அதை நடத்தியவர்கள் விஜயன் என்பவரும் அவர் மனைவி மோகனாவும். வேலைக்கு ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டுமே என்று இருவருமே எல்லா வேலையும் செய்தார்கள். டீ ஆற்றுவது, பலகாரம் போடுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர்கள் கைதான். தினம் முந்நூறு ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தார்கள். முந்நூறு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,09,500 ரூபாய். அது போதாது. ஆகவே கடனும் வாங்கினார்கள். கடனை வாங்கி ஊரைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து, இரண்டு மூன்று வருஷம் டீ விற்று அடைத்துவிட்டு, மறுபடி கடன் வாங்கினார்கள். வீடு கட்டக் கடன், கல்யாணத்துக்குக் கடன், நகை வாங்கக்கூடக் கடன் என்பதெல்லாம் நமக்குப் புரியும். ஒரு நாட்டைப் பார்ப்பதற்காகக் கடன் வாங்குவது என்றால் நம் பெரியவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். எர்ணாகுளத்திலும் சிரித்தவர்கள் இல்லாமலிருக்க மாட்டார்கள்.

2007-இல் அவர்கள் முதன் முதலாகக் கடல் கடந்து இஸ்ரேலுக்குப் போனார்கள். பிறகு சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா, தென்னமெரிக்காவில் பிரேசில், அர்ஜென்டினா என்று ஒவ்வொன்றாகப் போய்வந்தார்கள். போன இடங்களின் படங்கள் டீக்கடைச் சுவரை அலங்கரித்தன. டீ குடிக்க வருகிறவர்கள் கண்ணாடித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஹரி எம். மோகனன் என்பவர் இவர்களைப் பற்றி 'இன்விசிபிள் விங்ஸ்' என்று ஒரு குறும்படம் எடுத்தார். 2019-இல் தொழிலதிபர் ஆனந்த் மகேந்திராவின் உதவியால் ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் பார்த்தார்கள்.

இவர்கள் போன நாடுகளின் எண்ணிக்கை நமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அந்தப் படங்களில் அந்த அம்மாளுக்கு உள்ள இடம்தான் பெரிதாகத் தோன்றுகிறது. அவள் யாத்திரைக்குச் சமையற்காரியாகப் போகவில்லை. பிரசவத்துக்குத் துணையாகப் போகவில்லை. சாஸ்திரத்துக்குப் பத்தினி வேண்டும் என்பதற்காகவும் போகவில்லை. கல்லாவில் சேர்ந்த முந்நூறில் தன் கை உழைப்பும் பாதி இருக்கிறதென்று தெரிந்த ஒருத்தி, பார்க்கவேண்டுமென்று ஆசைப்பட்டு, பார்க்கப் போனாள். சுவிட்சர்லாந்தில் அவளுக்கு யாரோ டீ போட்டுக் கொடுத்தார்கள். அதில் இன்னொரு பெருமையும் உண்டு. கூலியாக மட்டுமே நம்மவர் கப்பல் ஏறிய காலம் ஒன்று இருந்ததல்லவா? 1860-க்கும் 2007-க்கும் நடுவில் இந்தத் தேசம் சம்பாதித்துக்கொண்ட சொத்துக்களில், ஒரு டீக்கடைத் தம்பதி தங்கள் பாஸ்போர்ட்டை நீட்டி, "ஊர் பார்க்க வந்தோம்" என்று நிமிர்ந்து சொல்லக்கூடியதாயிருப்பதும் ஒன்று.

2021 அக்டோபரில், நோய்க் காலத்தின் கதவடைப்புக்குப் பிறகு, ரஷ்யாவுக்குப் போனார்கள். அது இருபத்தாறாவது நாடு. திரும்பி வந்து சில வாரங்களில், நவம்பர் 19-ந் தேதி, விஜயன் மாரடைப்பால் காலமானார். வயது எழுபத்தொன்று. 'கொரோனாவெல்லாம் அடங்கட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று அவர்கள் இருந்திருந்தால் ரஷ்யா கிடைத்திராது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் கடன் வாங்கிக்கொண்டு மாஸ்கோவுக்குப் புறப்படவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. பத்து நாளில் ஏழு தேசம் காட்டுகிறோம், தயிர்சாதத்துக்குக் கூடவே சமையற்காரர் வருகிறார் என்று விளம்பரம் செய்கிற கூட்டப் பிரயாணங்களில் நமக்கு அவ்வளவு மோகமும் கிடையாது. பாரிஸில் இறங்கி, கோபுரத்துக்கு முன் படம் பிடித்து, புளியோதரை சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் தூங்கினால் என்ன பார்த்ததாகும்? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சமையற்காரர் கூட வருகிறபடியால் அம்மாளின் கை சும்மா இருக்கிறது. அந்த மட்டில் அது தர்மசாலை அடுப்பைவிட மேல்தான்.

தேசத்துக்குள்ளேயே பார்க்கவேண்டியது ஆயுள் கொள்ளாது. முதலில் அதற்கு வழி இருக்கவேண்டும். அறுபது வயதான ஆண்களுக்கு நூற்றுக்கு நாற்பதும், ஐம்பத்தெட்டு வயதான பெண்களுக்கு நூற்றுக்கு ஐம்பதும் ரயில் கட்டணத்தில் குறைத்து வந்தார்கள். 2020 மார்ச்சில், நோயைக் காரணம் காட்டி, அந்தச் சலுகையை நிறுத்தினார்கள். நோய் போயிற்று, சலுகை மட்டும் நோயோடு கூடவே போயிற்று. பென்ஷன் பணத்தில் இரண்டு டிக்கெட் வாங்கவேண்டிய கிழவர் என்ன செய்வார்? ஒரு டிக்கெட் வாங்குவார். யாருக்கு வாங்குவார் என்பதுதான் விஷயம். பெண்களுக்குப் பாதிக் கட்டணம் என்று வைத்த காலத்து அதிகாரிக்கு இந்த வீட்டு ரகசியம் தெரிந்திருக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து, வழக்கம்போல நம் வீட்டு எஜமானியிடம் படித்துக் காட்டினோம். வேணி தானம் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டாள். ஜானகி அம்மாள் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடை வந்தபோது, "தினம் முந்நூறா?" என்று ஒரு தடவை கேட்டாள். படித்து முடித்ததும் சற்று நேரம் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமல்லபுரத்துக்கு எவ்வளவு தூரம்?" என்றாள் கடைசியில்.

"மந்தைவெளியிலிருந்து ஒன்றரை மணி நேரம். நீ பார்த்ததில்லையா?"

"நீங்கள் ஆபீஸ் சிநேகிதர்களோடு பார்த்திருக்கிறீர்கள். நான் படத்தில் பார்த்திருக்கிறேன்."

பாரதிதாசன் நண்பர்களோடு போனதைப் பற்றி மேலே கொஞ்சம் கிண்டலாக எழுதியிருக்கிறோமே, அந்த வரிகளை அடித்துவிடலாமா என்று தோன்றிற்று. பேனாவை எடுப்பதற்குள், "அங்கிருந்து அப்படியே புதுச்சேரி, சிதம்பரம், தஞ்சாவூர் என்று போனால் நாலு நாள் ஆகுமா? பெட்டி வேண்டுமே" என்றாள்.

பெட்டி இருக்கிறது. பரணில், சக்கரம் வைத்த பெரிய பெட்டி. பல வருஷங்களுக்கு முன், எங்கேயாவது போகலாம் என்று ஆடித் தள்ளுபடியில் வாங்கியது. முக்காலி போட்டு ஏறி இறக்கித் திறந்து பார்த்தோம். உள்ளே வைக்கோலும் பழைய பத்திரிகையும் சுற்றித் தசாவதாரம், செட்டியார் கடை, கல்யாண கோஷ்டி, கண்ணுக்கு மை தீட்டிக் குடை பிடித்து நிற்கும் ஒரு காசி யாத்திரை மாப்பிள்ளை என்று கொலுப் பொம்மைகள் அத்தனையும் பத்திரமாயிருந்தன. நவராத்திரிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதுவரையில் இவற்றை எங்கே வைப்பது என்பதைப் பற்றித்தான் இந்த நிமிஷம் கூடத்தில் ஆலோசனை நடந்துகொண்டிருக்கிறது.